கரடி கிளறிய சரிவு

நாங்கள் நட்ட கன்றுகளைக் கரடி கிளறிப் போட்டுக்கொண்டிருந்தது, அதுவும் பூங்கா அதிகாரி வந்து பார்க்கிற அன்றைக்கே.

கனடாவின் செல்கர்க் மலையில், ரயில் சுரங்கப்பாதையின் வாய்க்கு மேலே உள்ள சரிவு அது. ரயில் பாதைக்காகத் தோண்டிய இடத்தை மறுபடி காடாக்குவது என் குழுவின் பொறுப்பு. அதிகாரி ஹெல்கா சரி என்றால் எங்கள் வேலை முடிந்தது. இல்லையென்றால் ரயில் கம்பெனி லாரியைக் கொண்டுவந்து புல் விதையைப் பீய்ச்சிவிடும். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், காடு மட்டும் வராது.

தோண்டும் முன்பே மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவிக்கச் சொன்னவள் நான். மண்ணைப் போய் யாராவது சேர்த்து வைப்பார்களா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாதை முடிந்ததும் அதே மண்ணைத் திரும்பப் பரப்பி, அதில்தான் கன்று வைத்தேன்.

ஜீப்பை விட்டு இறங்காமல் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பெனி இன்ஜினியர் நார்பர்ட்டுக்கு ஒரே கொண்டாட்டம்.

"உன் தோட்டத்துக்கு ஆடிட்டர் வந்தாச்சு, யிவெட்."

"வாயை மூடிட்டு காபியைக் குடி," என்றேன்.

அந்த மண் என்னைக் கைவிடாது என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஹெல்கா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

கரடி மரங்களுக்குள் போய் வெகுநேரம் கழித்து, கை தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே ஏறினோம்.

சரிவெங்கும் குழிகள். கன்றுகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. நார்பர்ட் விதை லாரியைக் கூப்பிட வாக்கிடாக்கியை எடுத்துவிட்டான்.

ஹெல்கா ஒரு குழியருகே மண்டியிட்டு, கரடி பாதி கடித்துப் போட்ட சின்னக் கிழங்கை எடுத்தாள். பனி உருகும் ஓரத்தில் பூக்கிற மஞ்சள் லில்லியின் கிழங்கு. யார் கையும் படாத சரிவுகளில் கரடிகள் தேடித் தின்பது.

"இதை யாரு நட்டது?"

கிழங்கை வாங்கிப் பார்த்தேன். நான் வழித்து வைத்த மண்ணுக்குள்ளேயே இத்தனை நாளும் உயிரோடு கிடந்திருக்கிறது.

"யாரும் நடல."

"அப்ப காடு தானாவே வந்தாச்சு. இனிமே இங்க யாரும் கால் வைக்காதீங்க. உங்க வேலை முடிஞ்சுது."

நார்பர்ட் வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

காலடியில் சாய்ந்து கிடந்த ஒரு கன்றை நிமிர்த்தக் குனிந்தேன். ஹெல்கா என் கையைத் தட்டிவிட்டாள்.