பெரிய எழுத்தில் ஒரு நோய்

வத்தல் வியாபாரி சௌந்தரபாண்டி தன் சாவுச் சுவரொட்டிக்குத் தானே அச்சகத்துக்கு வந்து விலை பேசினார். "எம் பேரைவிடப் பெருசா, 'மாரடைப்பால் காலமானார்'னு போடும் வே."

அச்சகக்காரர் ஞானசிகாமணி அவர் கைக்குட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். "உமக்கு வந்திருக்கது காசநோய்லா, அண்ணாச்சி?"

"காசம்னு மாப்பிள்ள வீட்டுல தெரிஞ்சா எம் மவ கல்யாணம் நின்னுரும். மாரடைப்புன்னா கௌரவமான சரக்கு."

"சரக்கு சரிதான். ஆனா மாரடைப்பு பொசுக்குன்னுல்லா வரணும்? நீரு மாசக்கணக்குல இருமி இழுத்துக்கிட்டுக் கிடந்தா ஊரு நம்புமா?"

பேரத்தில் யாருக்கும் இறங்கிப் பழகாத சௌந்தரபாண்டி, சுவரில் காய்ந்துகொண்டிருந்த வேறு யாருடைய சாவையோ வெகுநேரம் பார்த்தபடி நின்றார்.

"நீரு சொல்றதும் நியாயந்தான்," என்றார். "இழுக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள அடிச்சு வச்சிரும்."