யார் வீட்டுப் பிள்ளை?

"நாமெல்லாம் ஒரே குடும்பம்!" என்று போதகர் இரண்டு கைகளையும் விரித்ததும், கடைசி பெஞ்சில் ஒரு குழந்தை வீறிட்டது.

போதகர் புன்னகைத்தார். முதல் தடவை எல்லாரும் புன்னகைப்பார்கள்.

"போன ஞாயிறு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். 'இந்தப் பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளாக வளர்ப்பீர்களா?'ன்னு கேட்டேன். சபையே எழுந்து நின்னு 'வளர்ப்போம்'னு சொன்னீங்களே, அந்தச் சத்தம்! எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. அதுதான் தேவனுடைய குடும்பம்!"

குழந்தை மறுபடியும் வீறிட்டது. இந்தச் சத்தத்துக்கு யாருக்கும் மெய் சிலிர்க்கவில்லை.

முன்வரிசையில் பொருளாளரின் மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவள் திரும்பினால் அவளுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சுகளும் திரும்பும்.

"யாரு அது?"

"தெரியலையேக்கா. புது முகமா இருக்கு. கையில பிள்ளை, பக்கத்துல பெரிய பை."

"புருஷன்?"

"காணோம்."

"ஓ..."

அந்த 'ஓ'வுக்குள் ஒரு முழுக் கதை இருந்தது. அடுத்த பெஞ்சுக்குப் போவதற்குள் அதற்கு இரண்டாம் பாகமும் வந்துவிட்டது.

கடைசி பெஞ்சுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். மடியில் கிடத்தி ஆட்டினாள். பக்கத்தில் இருந்தவளிடம், "கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? பால் கலக்கணும்" என்று நீட்டினாள்.

"ஐயோ, நான் வெள்ளை உடுத்தியிருக்கேனே" என்று அவள் வேதப் புத்தகத்தோடு தள்ளி உட்கார்ந்தாள்.

ஒற்றைக் கையால் பால் கலக்கியதில் பாதி பெஞ்சில் கொட்டியது. மீதியைக் குழந்தை தள்ளிவிட்டது.

"புட்டியைப் பிடிக்கக்கூடத் தெரியலை பாரு. இதுங்களுக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடு" என்றாள் பாடகர் குழு அக்கா, பாட்டுப் புத்தகத்தை வாய்க்கு மறைவாக வைத்துக்கொண்டு.

சபைச் செயலாளர் எழுந்து பின்னால் போனார். காலையில் வாசலில் அவரிடம்தான் அவள், "ஐயா, ஒரு உதவி கேட்கணும்" என்று ஆரம்பித்திருந்தாள். "ஆராதனை முடியட்டும் சிஸ்டர்" என்று சிரித்த முகத்தோடு உள்ளே அனுப்பிவிட்டார். அன்றைக்கு நோயாளிகளுக்காக ஜெபித்தவரும் அவர்தான். "ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம். பேரு... சட்டுனு வாயில வரலை. கர்த்தருக்குத் தெரியும்."

இப்போது அவள் காதருகே குனிந்து, "வெளியே வெச்சுச் சமாதானப்படுத்துங்களேன். எல்லாரும் குடும்பமா உட்கார்ந்து வசனம் கேட்கிறாங்க இல்லையா?" என்றார்.

அவள் பையையும் குழந்தையையும் அள்ளிக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது.

போதகர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "எங்கே விட்டேன்?"

"ஒரே குடும்பம்!" என்று முன்வரிசை எடுத்துக் கொடுத்தது.

ஆராதனை முடிந்து டீ கொடுக்கும்போது அவளைப் படிக்கட்டருகே பிடித்துவிட்டார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் பல நாள் தூங்காதவள் போல இருந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், தப்பா நினைக்காதேம்மா" என்று பொருளாளரின் மனைவி தொடங்கினாள். "பெத்தா மட்டும் போதாது. வளர்க்கத் தெரியணும்."

"நான் பெத்தவ இல்லைங்க."

டீக் கோப்பைகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன.

"அப்போ இது யார் வீட்டுப் பிள்ளை?"

"போன ஞாயிறு இங்கே ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைதாங்க. இதோட அம்மா அன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. அப்படித்தான் பழக்கம். நடு வாரத்துல அவங்களுக்குத் திடீர்னு ஆபரேஷன். சொந்தம்னு சொல்ல யாரும் இல்லை. சபை ஆபீஸுக்குப் போன் பண்ணாங்களாம்..."

செயலாளர் தன் டீயை ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"...'ஜெபிக்கிறோம் சிஸ்டர்'னு சொல்லிப் போனை வெச்சுட்டாங்களாம். அப்புறம் எனக்குப் பண்ணாங்க. கடையில லீவு சொல்லிட்டுப் போய்த் தூக்கிட்டு வந்தேன். எனக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லைங்க. நாளைக்கும் வேலைக்குப் போகலைன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. அவங்க எழுந்து நடமாடுற வரைக்கும் பகல்ல மட்டும் யாராவது பார்த்துக்குவீங்களான்னு கேட்கத்தான் வந்தேன்."

பாடகர் குழு அக்கா திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முந்தா நாள்ல இருந்து குனிய முடியலை" என்றாள். வெள்ளை உடுத்தியவள் கார் சாவியைத் தேடினாள்.

பொருளாளரின் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"அது சரிம்மா. முன்ன பின்ன பழக்கமில்லாதவ. அவ உனக்கு அக்காவா, தங்கச்சியா? எதை நம்பி உன்கிட்ட பிள்ளையைக் கொடுத்தா? நீதான் எதுக்கு வாங்கினே?"

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போலத் தலை குனிந்தபடிதான் சொன்னாள்:

"நான் சர்ச்சுக்கே புதுசுங்க. போன ஞாயிறுதான் முதல் தடவை. எல்லாரும் எழுந்து நின்னு 'வளர்ப்போம்'னு சொன்னீங்களா, நானும் கூடச் சேர்ந்து சொல்லிட்டேன். அது சும்மா சொல்றதுன்னு யாரும் எனக்குச் சொல்லலைங்க."