மோப்பநாய் உட்கார்ந்துவிட்டது

எல்லைச் சாவடி மோப்பநாய் குரைக்காது. கஞ்சா வாசனை வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். நேற்று ஒரு கழுதையின் முன்னால் உட்கார்ந்தது. "மூட்டையில என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க!" என்று கதறக் கதறக் கழுதையைக் கூண்டில் அடைத்தார்கள்.

இன்று அமைச்சர் நரியார் காரில் வந்து இறங்கினார். "இனிமேல் கஞ்சா கடத்தினால் ஆயுள் தண்டனை!" என்று புதுச் சட்டத்தை வாசித்தார். ஒரே கைதட்டல். நேற்றுக் கஞ்சாவைப் பிடித்துக் கொடுத்த நாய்க்கு மாலை போடுவதற்காக அதைக் கூப்பிட்டார்.

நாய் வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே போனது. சட்டென்று வால் நின்றது. அமைச்சரின் காலடியில் உட்கார்ந்துவிட்டது.

கைதட்டலும் நின்றது.

"டேய், எழுந்திருடா!" என்று பதறியது சாவடியின் தடுப்புக் கம்பம்.

"எழுந்திருக்கத்தாண்ணே பாக்கறேன்," என்றது நாய். "முடியலையே!"