அடுத்த வருஷத்துக் கேள்வி

பாளையங்கோட்டை ஆடிட்டர் ஹெப்சிபா தன் வாடிக்கையாளர்களின் ஆவணங்களையெல்லாம் 'வரித்துணை' என்ற ஏ.ஐ. செயலியிடம்தான் கொடுத்துவைத்திருந்தாள். ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் மூச்சு விடக்கூடாது என்று அதற்குக் கறாராகச் சொல்லிவைத்ததும் அவள்தான்.

போன வாரம் அவள் கணவன் தேவதாசனும் தன் காகிதங்களைத் தானே அதில் ஏற்றிவிட்டான். "உனக்கு எதுக்கு ரெட்டை வேலை" என்றான்.

சனிக்கிழமை காலை அவள் சொந்தக் கணக்கை எடுத்தாள்.

"வீட்டுக்கடனை நாங்க ரெண்டு பேரும் பாதிப்பாதி காட்டலாமா?"

"இந்த வருஷம் தாராளமாகக் காட்டலாம்."

"அடுத்த வருஷம்?"

கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் வரித்துணை தயங்கியது. "இதற்குப் பதில் சொன்னால் இன்னொரு வாடிக்கையாளரின் ரகசியம் வெளியாகும்."

அவள் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். காபித்தூள் டப்பாவை எடுக்கத் தேவதாசன் மேல்தட்டுக்குக் கையை உயர்த்தினான். போன வருஷம் கச்சிதமாக இருந்த கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் சரிந்து போனது.

திரும்பி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவுக என்கிட்ட எதை மறைக்காக?"

"அதை நான் சொல்லக் கூடாது. அவரிடமே கேளுங்கள் அம்மா."

பிறகு அவள் கேட்காமலே அது சொன்னது.

"சீக்கிரம் கேளுங்கள்."