ஆடுகள் கடக்கும் இடம்

ஷிப்ஃபர்ட் என்ற அந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயருக்கு, ஆடுகள் ஆற்றைக் கடக்கும் இடம் என்று பொருள். அறுநூறு வருஷமாகப் பாலம் இருந்ததால் அது எந்த இடம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பாலத்தை வெள்ளம் கொண்டுபோன மறுநாள், மகள் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டிருக்க, தவமலர் கரையில் நின்றாள். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அவளைத் தாண்டிப்போய், வடிந்துகொண்டிருந்த கலங்கல் தண்ணீரில் இறங்கின. ஒன்றின் வயிறுகூட நனையவில்லை.

“இஞ்சரப்பா, இதுகளுக்கு ஆர் சொன்னது?” என்றான் கணவன் குகதாசன்.

தவமலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி ஆட்டின் பின்னால் இறங்கினாள். உள்ளங்காலில் வரிசையாகக் கற்கள் தட்டுப்பட்டன. ஒவ்வொரு கல்லும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.