யார் கொடுத்த நூல்?

"இந்த நூல ஒனக்கு யாரு குடுத்தா? அத மொதல்ல சொல்லு."

மார்ஜரி அம்மாள் போட்ட அதட்டலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேசைமேல் ஒரு பின்னல் சால்வை விரிந்து கிடந்தது. வறுத்த கோப்பிக்கொட்டை நிறம், ஓரமெல்லாம் இலை இலையாகப் பூவேலை. மேசைக்கு அந்தப் பக்கம் அதைப் பின்னிய மதலேனா நின்றாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள்.

மாத்தளை மாதர் சங்கம் நடத்திய பின்னல் போட்டி அது. முதலாவதாக வருகிறவருக்குச் சங்கத்தின் தையல் வகுப்பில் டீச்சர் வேலை. மதலேனா முதல் பஸ் பிடித்து வந்தது அந்த வேலைக்காகத்தான். அது கிடைத்தால் மூன்று பிள்ளைகளையும் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம்.

நடுவர்கள் இரண்டு பேர். மார்ஜரி அம்மாள், மதலேனாவின் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் நோபர்ட்டின் மனைவி. இன்னொருவர் துணிக்கடை ஜைனுதீன் முதலாளி.

"கடையில வாங்கினியா?"

"இல்லீங்கம்மா."

"எப்படி வாங்குற? வெளிநாட்டுச் சாமான நிப்பாட்டினதுல இருந்து எங்கட கடைக்கே ஒரு உருண்டை உல்லன் வரல்ல" என்றார் ஜைனுதீன் முதலாளி. சால்வையை விரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். உல்லன் விஷயத்தில் அவரை மிஞ்ச மாத்தளையில் ஆளில்லை என்று பேச்சு. அதை ஊர் சொன்னது பாதி, அவரே சொல்லிக்கொண்டது பாதி. "இது லேசுப்பட்ட சரக்கு இல்ல. ஸ்கொட்லாந்து! அந்தக் குளிர் நாட்டு ஆட்டுக்குத்தான் இப்படி ரோமம் வரும்."

"கேட்டீங்களா! ஸ்கொட்லாந்து நூலு தோட்டத்து ஆளுங்க லயத்துக்கு நடந்தா வந்துச்சு?" மார்ஜரி அம்மாள் குரலை உயர்த்தினார். "தொரை பங்களாவுல இருந்து எடுத்தியா?"

மதலேனாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நான் யாரு வீட்டுலயும் ஒரு குண்டூசி எடுத்ததில்லீங்க. இது என் சொந்த நூலு. பதினோரு வருசமா எங்கிட்ட இருக்கு. என் மூணு புள்ளைங்களையும் இதுலதாங்க வளத்தேன்."

"நூல்ல புள்ள வளத்தாளாம்!"

கூட்டம் சிரித்தது. மார்ஜரி அம்மாள் விடவில்லை.

"யாரு குடுத்தான்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறியே?"

"ஒரு ஆம்பள குடுத்தாருங்க."

அவ்வளவுதான், சிரிப்பு நின்று குசுகுசுப்பு தொடங்கியது. முன்வரிசையில் அரைத்தூக்கத்தில் இருந்த நோபர்ட் கிளாக்கர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆம்பளயா? பேரு என்னா?"

"சொல்றேங்க. ஆனா மொதல்ல என் பின்னலப் பாத்து மார்க்கு போடுங்க. பேரச் சொன்ன பொறகு நீங்க போட மாட்டீங்க. அது களவு நூலுன்னு ஆச்சுன்னா மார்க்க வெட்டிடுங்க. நானே போலீசுக்கு நடந்து போறேன்."

"எங்களுக்கே சட்டம் சொல்ல வந்துட்டா!"

"அவ கேக்குறது ஞாயம்தானே மிஸிஸ் நோபர்ட்?" என்றார் ஜைனுதீன் முதலாளி. "பின்னலுக்குத்தானே போட்டி? பாத்துப் போடுவோம்."

மார்ஜரி அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறை தேட உட்கார்ந்தார். சால்வையைப் புரட்டினார், இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பின்னல் கண்ணும் தவறவில்லை. நூலை எங்கே ஒட்டுப் போட்டாள் என்பதே தெரியவில்லை. அவரும் கன்னியாஸ்திரிகளிடம் முறையாகப் பின்னல் படித்தவர்தான். நல்ல வேலையைப் பார்த்துவிட்டுப் பொய் மார்க் போட அவருக்குக் கை வரவில்லை.

"அம்பதுக்கு நாப்பத்தெட்டு" என்றார், கொஞ்சம் கடுப்போடு. ஜைனுதீன் முதலாளி நாற்பத்தொன்பது போட்டார். இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

"முதலாம் இடம், மதலேனா!"

கைதட்டல் எழுந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று மார்ஜரி அம்மாள் சால்வையை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். போட்டதும் கழற்ற மனம் வரவில்லை போலும், கன்னத்தோடு சேர்த்து ஒரு தடவை அணைத்தும் பார்த்தார்.

"என்னா மெதுவா இருக்கு! தோட்டத்துல கெடக்கிற சாமானா இது? சரி, மார்க்கும் போட்டாச்சு. இப்பச் சொல்லு, யாரு அந்த ஆம்பள?"

மதலேனா முன்வரிசைப் பக்கம் மரியாதையாகக் கையைக் காட்டினாள்.

"ஒங்க வீட்டு ஐயாதாங்க."

மார்ஜரி அம்மாளின் முகம் வெளுத்தது. நோபர்ட் கிளாக்கர் துள்ளி எழுந்தார்.

"நானா? இவளுக்கா? மாதாவே! மார்ஜரி, சத்தியமா நான் ஒண்ணும்..."

"சத்தியமெல்லாம் வேணாங்கய்யா, ஆபீஸ் புஸ்தகத்துல என் கைநாட்டு இருக்கு" என்றாள் மதலேனா. "மழையில கொழுந்து எடுக்கணும்னு எங்கள வரிசையில நிக்க வச்சு ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி குடுத்தீங்களே, அதுதாங்க இது. பகல்ல என் தலையிலயும் ராவுல என் புள்ளைங்க மேலயும் பதினோரு வருசம் கெடந்து கறுப்பு வெளுத்தத இழை இழையா உருவி, பூந்திக்கொட்டை போட்டு ஏழு தண்ணியில அலசிப் பின்னினேன். கம்பளின்னு மொதல்லயே சொல்லியிருந்தா, அம்மா இதக் கையால தொட்டிருப்பாங்களா?"