மூன்றாவது தட்டு

ஓபுடா கப்பல் பட்டறையில் டான்யூப் நதிப் போர்க்கப்பலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே இருப்பவன் பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகித் தாங்கிக்கொண்டு, அடிக்கலாம் என்பதற்கு இரண்டு முறை தட்டுவான். வெளியே நான் அடிப்பேன். என் தம்பி வெந்தெல் மட்டும் மூன்று முறை தட்டுவான். மூன்றாவது என்னைச் சீண்டுவதற்கு. அந்தப் பிப்ரவரியில் காய்ச்சலில் போய்விட்டான்.

அவன் இடத்துக்கு வந்த கால்மான் கப்பலின் முன்முனை அறைக்குள் நுழையும்போது இடுப்போடு மாட்டிக்கொண்டான். காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

"உன் பொண்டாட்டி சமையல் அவ்ளோ நல்லாருக்குமாடா?"

"சிரிக்காதண்ணே. மத்தியானத்துக்குள்ள முடிக்கலேன்னா கப்பலும் இறங்காது, நமக்குப் பீரும் கிடையாது."

அப்போது துளை வழியே சிவந்த ஆணி ஒன்று எட்டிப் பார்த்தது. மூன்று தட்டு.

"உள்ள யாருண்ணே?"

"ஆறிடும்டா, தள்ளு!" என்று அடித்தேன்.

ஆணிகள் வந்துகொண்டே இருந்தன. கடைசித் துளைக்கு வந்ததை மட்டும் அடிக்க மனமில்லாமல் ஆறவிட்டேன்.

"பீரு போச்சே!" என்று கால்மான் தலையில் அடித்துக்கொண்டான்.

கறுத்துப்போன ஆணி மெல்ல உள்ளே இழுபட்டது. அதே துளையில் புதிது ஒன்று சிவப்பாக வந்தது. மறுபடி மூன்று தட்டு, இந்த முறை கொஞ்சம் பலமாக.